பீரோ கண்ணாடி வியர்த்தது: செம்பூர் வீட்டில் ஒரு பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கி

2023 அக்டோபர் கடைசி வாரம். நவம்பர் 3ஆம் தேதி குரு கோள் சூரியனுக்கு நேர் எதிரே வரப்போகிறது. அந்த ஆண்டில் அதைவிடப் பெரிதாக அது தெரியாது. அப்போதுதான் மும்பை செம்பூரிலிருந்து அண்ணாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, குருவைச் சுற்றி வெண்புகை போட்டது போல இருக்கிறது. மேகப் பட்டை ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் சந்தேகமாகத்தான். புரை விழுந்திருப்பது என் கண்ணிலா, தொலைநோக்கியிலா?"

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மும்பைக்கு வந்து முப்பத்தைந்து வருடங்கள் ஆகின்றன. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்துக்கு மதினி ஒரு வழி சொன்னார், மகன் ஒரு வழி சொன்னான். அண்ணாச்சி யாரிடமும் சொல்லாமல் 12 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவிட்டார். 2021 டிசம்பரில் அது இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது. செட்டா நகர் முருகன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு; மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை. வீட்டில் அண்ணாச்சி, மதினி, அண்ணாச்சியின் அம்மாவான ஆச்சி. நான் முலுண்டில் இருக்கிறேன். பிழைப்பு வேறு, நண்பர்களின் தொலைநோக்கிகளுக்கு ஆடி, அதாவது உள்ளிருக்கும் கண்ணாடி, கழுவுவதும் திருகு முடுக்குவதும் ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த விவகாரத்தில் பெரிய தவறு என்னுடையது என்பதால் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

கருவியைப் பற்றி

டாப்சோனியன் வகை. அடியில் 305 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய ஆடி, வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்ன ஆடி, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ். பெரிய ஆடி ஒளியைக் குவிக்கும் தூரம், அதாவது குவியத் தூரம், 1500 மில்லிமீட்டர் என்பதால் குழாயும் ஏறக்குறைய அதே நீளம். தூக்கி நிறுத்தினால் ஆச்சியின் தோளைத் தாண்டும். குழாய் மட்டும் இருபது கிலோவுக்கு மேல். பெரிய ஆடியே ஐந்து கிலோவுக்குக் குறையாது. குழாயைத் தாங்கும் சுழல்பீடம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மைக்கா ஒட்டியது.

இந்த அமைப்புக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன், 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் இருபது வருடங்களுக்கு மேல் துறவியாக இருந்தார். கையில் காசில்லாத துறவி, கிடைத்த கண்ணாடியையும் பலகையையும் வைத்துச் செய்ததால்தான் இந்த வகை இவ்வளவு எளிமையாக இருக்கிறது. தெருவோரத்தில் நிறுத்திப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. குழாயின் பின்புறம் திறந்தே இருக்கும். ஆடியைச் சுற்றிக் காற்று போய்வரும். அது நல்லதற்கும் ஆகும், கெட்டதற்கும் ஆகும்.

ஆடியின் முகத்தில் பூசியிருப்பது அலுமினியம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கனம். அதன் மேல் மெல்லிய காப்புப் படலம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும், முன்னால் இருக்கும் கண்ணாடியே அதைக் காக்கும். இங்கே பூச்சு முன்பக்கம். காற்று, தூசி, ஈரம் எது வந்தாலும் நேராக அதன் மேல்தான் உட்காரும்.

முதல் முறை: நான் சொன்ன தவறான மருந்து

தொலைநோக்கி அண்ணாச்சியின் படுக்கையறையில், ஸ்டீல் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. வீட்டிலேயே ஏசி உள்ள அறை அதுதான் என்பதால் அங்கே வைத்திருந்தார். யாரிடம் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள்; நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். டார்ச்சைக் குழாய்க்குள் சாய்த்து அடித்தபோது பெரிய ஆடி, யாரோ வாயால் ஊதிவிட்டுப் போனது போல மங்கியிருந்தது. ஓரத்தில் காய்ந்த நீர்த்துளியின் வட்டங்கள். சின்ன ஆடியின் விளிம்பில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

ஜன்னல் கிழக்கே பார்த்தது. அந்தப் பக்கம் தாணே கடற்கழி. உப்புக்காற்று என்று முடிவு கட்டிவிட்டேன். உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பது உண்மை. செம்பூர்க் காற்றில் உப்பு இருப்பதும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்தால் காரணம் கிடைத்துவிடும் என்று நினைத்ததுதான் பிழை. ஆடியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். குரு பளிச்சென்று வந்தது, இரண்டு பட்டைகளும் தெரிந்தன. அண்ணாச்சி எனக்குக் காபியோடு முறுக்கும் கொடுத்தார்.

புறப்படும்போது ஒரு யோசனையும் சொல்லிவிட்டு வந்தேன்: "மழைக்காலத்தில் குழாய் முழுவதையும் பாலிதீன் தாளால் சுற்றி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம் போட்டுக் கட்டி வையுங்கள். காற்றே நுழையக்கூடாது." அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. 2024 மே கடைசியில், ஜவுளிக்கடைப் பொட்டலம் போல இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று இடத்தில் நாடா கட்டிவிட்டார்.

இரண்டாம் முறை: ஆச்சி கேட்ட கேள்வி

ஜூலை நடுவில் மறுபடியும் அழைப்பு. மும்பைக்கு மழை வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது முதலில் வந்தது வாடை. நனைந்த செருப்பைப் பெட்டியில் வைத்து மறந்தால் வருமே, அந்த வாடை. ஆடி முன்னைவிட மோசமாக மங்கியிருந்தது. ஆடியைத் தாங்கும் மூன்று சுருள்வில்களிலும் செம்மண் நிறத்தில் துரு. சிலிக்கா ஜெல் மணிகள் நீலம் போய் வெளுத்த இளஞ்சிவப்பாகக் கிடந்தன. பீடத்தின் அடிவிளிம்பு ஊறவைத்த ரொட்டி போல உப்பி, மைக்கா வாயைப் பிளந்திருந்தது.

அண்ணாச்சிக்கு விற்றவர் மேல் கோபம். பூச்சே மட்டமான பூச்சு என்றார். எனக்கோ என் மேல்தான் சந்தேகம். ஆச்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, இந்தப் பீரோ கண்ணாடி தினமும் காலையில் வியர்த்துவிடுகிறதே. நான்தான் துணியால் துடைக்கிறேன். இதுவும் கண்ணாடிதானே, இதற்கும் வியர்க்காதா?"

அறையில் மூன்று பேரும் பீரோவைப் பார்த்தோம். அது தொலைநோக்கியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றது.

விசாரித்ததில் அந்த வீட்டின் வழக்கம் முழுதாக வெளிவந்தது. இரவு பத்தரை மணிக்கு ஏசி, 23 டிகிரியில். காலை ஆறரைக்கு மதினி எழுந்து அதை நிறுத்துவார். அறையில் அடைந்த காற்று போகட்டும் என்று ஜன்னலை விரியத் திறப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் ஜூலை மாதத்து மும்பைக் காற்று அப்படியே உள்ளே வரும்.

ஒரு வாரம் அளந்து பார்த்தோம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்றை அறையில் வைத்தோம். ஒயர் முனையில் உணரியுள்ள வெப்பமானி ஒன்றை ஆடியின் முதுகில் ஒட்டினோம். அண்ணாச்சி வங்கிக் கணக்கு எழுதும் கையெழுத்தில் மணிவாரியாகக் குறித்தார். ஒரு காலையின் கணக்கு இது: ஆறரைக்கு ஆடி 23.8 டிகிரி. ஜன்னல் திறந்த பின் ஏழு மணிக்கு அறைக் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம். அப்படிப்பட்ட காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். ஏழரைக்கு ஆடி 24.6. எட்டரைக்கு 25.3. ஒன்பதரைக்குத்தான் 26ஐத் தாண்டியது.

பீரோ கண்ணாடி மெலிது. அரைமணியில் சூடாகி உலர்ந்துவிடும். ஐந்து கிலோ கண்ணாடி அப்படி இல்லை. அதுவும் நான் பாலிதீன் சுற்றச் சொன்ன குழாய்க்குள் கிடக்கும் கண்ணாடி. தினம் மூன்று மணி நேரம் ஈரம் படிய, பிறகு அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். மழைக்காலத்துக்கு நூற்றுச் சொச்சம் காலைகள். கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டியது நான்.

சிலிக்கா ஜெல் ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் சின்னக் கணக்கு போதும். அந்தக் குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 150 லிட்டர். 29 டிகிரி, 85 சதவீத ஈரத்தில் அவ்வளவு காற்றில் மூன்றரை கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். நாலு பொட்டலமும் சேர்த்து 50 கிராம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு குடித்தால் அதற்கு மேல் அதற்கு முடியாது. குழாய்க் காற்று நாலைந்து முறை மாறினால் கதை முடிந்தது. நாடா கட்டிய பாலிதீனில் காற்று நாலைந்து முறை மாற சில நாட்கள் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏசி ஓடும்போது காற்றின் ஈரம் குறைகிறது. ஓடும்வரை ஆடிக்கு அது நல்ல இடம். நாள் முழுவதும் ஓடினால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கேடு வருவது நிறுத்தித் திறக்கும் அந்த நிமிடத்தில். நான் பழித்த கடற்கழிக்கும் இதில் சிறு பங்கு உண்டு. உலர்ந்த ஆடியில் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. தினம் நனையும் ஆடியில் ஈரத்தோடு சேர்ந்து அதுதான் பொத்தல் போடும்.

பீடம் கெட்டதற்குக் காரணம் வேறு. தினம் தரையைத் துடைக்கும் ஈரத்துணி, கீழ்விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போயிருக்கிறது. அதற்கு வானிலை ஆய்வு தேவைப்படவில்லை.

கழுவல்

அண்ணாச்சியே செய்யட்டும் என்று இந்த முறை அவர் கையில் கொடுத்தேன். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. குளியலறையில் அகலமான பிளாஸ்டிக் டப்பில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஆடியை வைத்தோம். முதலில் குழாய்த் தண்ணீர் மட்டும், ஐந்து நிமிடம், மெல்லிய ஓட்டமாக. மும்பை ஏரித் தண்ணீர் உப்புச்சத்து குறைந்தது. இந்த வேலைக்குக் கொடுத்து வைத்த ஊர். தூசியில் பெரும்பகுதி அப்போதே போய்விடும். தூசி இருக்கும்போது தேய்த்தால் அது மணல்தாள்.

பிறகு டப்பில் தண்ணீர் நிரப்பிப் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. மருந்துக்கடைப் பஞ்சை உருண்டையாக நனைத்து, ஆடியின் மேல் வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். அழுத்தக்கூடாது, பஞ்சின் எடை மட்டும்தான் அழுத்தம். ஓர் இழுப்புக்கு ஓர் உருண்டை, பிறகு குப்பைக்கூடை. அண்ணாச்சியின் கை முதல் இரண்டு இழுப்பில் நடுங்கியது, மூன்றாவதில் நின்றுவிட்டது. முப்பது உருண்டைகள் தீர்ந்தன. கடைசியாக, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் இரண்டு லிட்டரை மேலிருந்து வார்த்து, ஆடியைச் சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்து வைத்தோம். நீர் தானாக வழிந்தது. தங்கிய ஏழெட்டுத் துளிகளை டிஷ்யூ தாளின் முனையால் தொட்டு எடுத்தோம். கண்ணாடி ஜன்னல் துடைக்கும் நீலத் திரவத்தை மதினி அன்போடு நீட்டினார். அம்மோனியா கலந்தது ஆடிக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

மங்கல் பெரும்பாலும் போயிற்று. போகாதது என்ன என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, ஆடிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். பூச்சில் எங்கெல்லாம் பொத்தல் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளி ஊசிமுனையாக வரும். வந்தது. இருட்டில் நூறு, இருநூறு புள்ளிகள். ஓரிடத்தில் ஏழெட்டு கொத்தாக. கதவருகில் நின்ற ஆச்சி, "கார்த்திகை அறுவர்" என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. புதுப்பூச்சு போட்டுவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இன்றும் அதுவே என் கருத்து. முந்நூறு பொத்தல், ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மொத்தம் பத்து சதுர மில்லிமீட்டரைத் தொடாது. ஆடியின் பரப்பு 73,000 சதுர மில்லிமீட்டர். குழாயின் வாயில் தொங்கும் சின்ன ஆடியே ஐந்து சதவீத வெளிச்சத்தை மறைக்கிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. படத்தைக் கெடுப்பது பொத்தல் அல்ல, முகம் முழுவதும் பரவும் மங்கல். அது ஒளியைச் சிதறடித்து, குருவின் பட்டைகளைச் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கரைத்துவிடும்.

மறுபூச்சு வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. தமிழ்நாட்டில் காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கே பழைய பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். அதற்கான வெற்றிடக் கலம் அங்கேயே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் காலத்தில் இன்னும் பாடு. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடிகள் இங்கிலாந்தின் ஈரத்தில் கறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மெருகேற்ற வேண்டும். 1789இல் முடித்த நாற்பதடித் தொலைநோக்கிக்கு அவர் இரண்டு ஆடிகள் செய்து வைத்திருந்தார், ஒன்று மெருகுக்குப் போனால் மற்றொன்று வேலை செய்ய. செம்பூர் அண்ணாச்சிக்கு இருப்பது ஒன்றுதான். ஆகவே வைக்கும் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது.

எங்கே வைப்பது

மூன்று வழிகளைப் பேசினோம். ஏசியை நாள் முழுவதும் ஓட்டுவது: மின்கட்டணத்தை நினைத்து மதினி பேச்சையே மாற்றினார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம்: மூடிய அறையில் அருமையாக வேலை செய்யும், ஆனால் இந்த வீட்டில் ஜன்னல்களை மூடச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி: ஒன்றரை மீட்டர் குழாய்க்கு நம் கைக்கு எட்டும் விலையில் கிடையாது.

மிஞ்சியது பழைய மும்பை வழி. மழைக்காலத்தில் தோல் செருப்பும் பட்டுப் புடவையும் பூசணம் பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள். அதன் பின்னே இருக்கும் கணக்கு மிக எளியது. காற்றில் உள்ள நீரை எடுக்க வேண்டாம். காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும். 29 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்று, 33 டிகிரிக்குப் போனால் 68 சதவீதம்தான். உள்ளே இருக்கும் ஆடி எப்போதும் வெளிக்காற்றைவிட நாலு டிகிரி சூடாக இருக்கும். அதன் மேல் பனி படியவே முடியாது. பூஞ்சை செழிப்பதும் 70 சதவீதத்துக்கு மேல்தான்.

ஹாலில் செருப்பு அலமாரி இருந்த மூலையைக் காலி செய்தோம். மரைன் பிளைவுட்டில் அலமாரி. தச்சருக்கும் பலகைக்கும் சேர்த்து 16,000 ரூபாய். அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளைகள், அவற்றின் மேல் கொசுவலை. கீழ் மூலையில் பீங்கான் ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு, குழாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. துணியோ தாளோ பல்பின் ஒரு முழ தூரத்துக்குள் வரக்கூடாது என்பதை அண்ணாச்சி ஸ்கெட்ச் பேனாவால் பலகையிலேயே எழுதிவிட்டார். முதலில் 15 வாட் போட்டுப் பார்த்தோம். இந்த அளவு அலமாரிக்கு அது ஒன்றரை டிகிரிதான் தந்தது. நாற்பதுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு யூனிட் ஆகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும். பாலிதீன் போயிற்று, குழாயின் வாய்க்குப் பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்த உறை. தூசியைத் தடுக்கும், மூச்சையும் விடும்.

ஐபீஸ்களுக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். குழாயை யாராலும் காற்றுப்புகாமல் மூட முடியாது, அதனால் வெப்பம். ஐபீஸ் கைக்கடக்கமானது, அதை மூட முடியும். இவ்வளவு நாள் அவை ஸ்பாஞ்சு பதித்த பெட்டியில் கிடந்தன. ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 25 மில்லிமீட்டர் ஐபீஸின் உள்வில்லையில் சிலந்தி நூல் போல பூஞ்சை படர்ந்திருந்தது. கோட்டைப் பகுதியில் போரா பஜாரில் கேமரா பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். பூஞ்சை போயிற்று, அது சுரந்த அமிலம் கண்ணாடியில் போட்ட கீறல், ஓரத்தில் நிரந்தரமாக நிற்கிறது. இப்போது எல்லாம் ரப்பர் வளையம் வைத்த சமையலறை டப்பாவில், 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு. மணிகள் நிறம் மாறியதும் இளந்தீயில், ரவை வறுப்பது போல ஆச்சி வறுத்துத் தருகிறார். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஆகாது. அதற்கென்று ஒரு பழைய இரும்பு வாணலியை ஒதுக்கி, பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

மற்ற வேலைகள் விரைவாக முடிந்தன. நாக்தேவி தெருவில் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில்கள் மூன்று. பீடத்தின் அடிப்பலகைக்குப் பதில் பிளைவுட் வட்டம், விளிம்பெல்லாம் வார்னிஷ், அடியில் உருளைச் சக்கரங்கள். இனி ஈரத்துணி எட்டாது. ஆடிகளை நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் காலிமேஷன், முதலில் சின்ன ஆடி, பிறகு பெரியது. ஒரு நட்சத்திரத்தைக் குவியம் தவறவிட்டுப் பார்த்தபோது வளையங்கள் ஒரே மையத்தில் அமைந்தன.

மொட்டைமாடிப் பழக்கத்தில் ஒன்றை மாற்றினோம். பார்த்து முடித்துக் கீழே கொண்டுவந்ததும் உடனே உறை போட்டு அலமாரியில் அடைக்கும் வழக்கம் அண்ணாச்சிக்கு இருந்தது. பனி படிந்த ஆடியை மூடுவது, ஈரத்தலையில் தொப்பி போடுவது. இப்போது ஹாலில் மின்விசிறிக்குக் கீழே குழாயைக் கிடைமட்டமாகச் சாய்த்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூடுகிறார்.

ஒரு முழு மழைக்காலத்துக்குப் பின்

2025 ஜூன் முதல் செப்டம்பர் வரை அலமாரிக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 62க்கும் 70க்கும் நடுவில் நின்றது. ஆகஸ்டில் இரண்டு நாள் 83 வரை போனது. பல்பு எரிந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு அலமாரிக் கதவில் ஒரு சின்னத் துளை போட்டார்கள். ஹாலில் டிவி பார்க்கும் ஆச்சிக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும்.

அக்டோபரில் திறந்தோம். மங்கல் இல்லை. துரு இல்லை. டார்ச் சோதனையில் பழைய கொத்து அப்படியே இருந்தது; புதிதாக நாலைந்து புள்ளிகள், அதுவும் ஓரத்தில். சின்ன ஆடியின் விளிம்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. ஒரு நாள் அதை மாற்ற வேண்டிவரும். எதிர்பாராத தொல்லை ஒன்றும் வந்தது. கதகதப்பைத் தேடி ஒரு பல்லி, வலை சரியாக ஒட்டாத இடத்தில் நுழைந்து குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரின் தாங்கி மேல் இரண்டு முட்டை இட்டிருந்தது. வலையை ஆணி அடித்து இறுக்கினோம்.

நவம்பரில் ஓர் இரவு மாடிக்குத் தூக்கிப் போனோம். சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. கோளின் இருபுறமும் ஊசியால் கிழித்தது போல ஒரு கோடு. ஆடியில் மங்கல் இருந்திருந்தால் அந்தக் கோடு கோளின் வெளிச்சத்திலேயே கரைந்திருக்கும். அண்ணாச்சி அரைமணி நேரம் ஐபீஸை விட்டு நகரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார், அதுவும் ஐந்து நிமிடத்துக்கு.

ஒரு கவலை மட்டும் பாக்கி. இழை எரியும் குண்டு பல்பு இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. எல்இடி போட்டால் வெளிச்சம் வரும், வேண்டிய சூடு வராது. தெருமுனை மின்சாமான் கடைக்காரர் கோடவுனில் தேடி ஆறு பல்புகள் எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அவற்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார். வைத்திருக்கும் இடம் அந்த ஸ்டீல் பீரோ. அதன் கண்ணாடி மழைக்காலக் காலைகளில் இப்போதும் வியர்க்கிறது, ஆச்சி துடைக்கிறார்.